மறைத்த பாவத்துக்கு தினமும் மன்னிப்புக் கேட்டும் சமாதானம் இல்லையே, ஏன்?

நீங்கள் எழுதியது இதுதான்: சபைக் கணக்குப் பார்த்த நாட்களில் காணிக்கைப் பணத்தில் கை வைத்துவிட்டீர்கள், யாருக்கும் தெரியாது. தினமும் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டும் மனசு ஆறவில்லை.

முதலில், என்ன சொல்லிக் கேட்கிறீர்கள்? "ஆண்டவரே, நான் பாவி, என் குற்றங்களையெல்லாம் மன்னியும்" என்பது ஆராதனையில் சபையார் சேர்ந்து சொல்லும் பொது அறிக்கைக்குச் சரி. ஒரு குறிப்பிட்ட திருட்டை அதற்குள் வருஷக்கணக்கில் ஒளித்து வைக்கலாம். யோசுவா 7-ல், எரிகோவில் எடுக்கக் கூடாது என்று விலக்கப்பட்ட பொருளைத் திருடிய ஆகான் சொன்னதைப் பாருங்கள். ஒரு பாபிலோனிய சால்வை, 200 சேக்கல் வெள்ளி, 50 சேக்கல் நிறையுள்ள ஒரு பொன்பாளம். கண்டேன், இச்சித்தேன், எடுத்தேன். கூடாரத்தின் நடுவே புதைத்திருக்கிறது, வெள்ளி அதற்கு அடியில். அறிக்கையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் திருடியவனைக் கண்டுபிடிக்கப் போட்ட சீட்டு தன்மேல் விழும்வரை வாய் திறக்கவில்லை. அதற்குள் அவன் பாவத்தினால் ஆயி என்ற ஊரில் நடந்த போரில் 36 பேர் செத்துப்போனார்கள்.

ஆகவே ஒரு தாளை எடுங்கள். எந்த வருஷம், எந்த மாதம், எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து, எதற்குச் செலவானது, எப்படி மறைத்தீர்கள் என்று எழுதுங்கள். தனியே கதவைச் சாத்திக்கொண்டு ஜெபத்தில் அதை வாய்விட்டு வாசியுங்கள். "பணம் எடுத்தேன்" என்று நாக்கு சுலபமாகச் சொல்லிவிடும். "பொய் வவுச்சர் எழுதினேன், செயலாளரை நம்பவைத்துக் கையெழுத்து வாங்கினேன்" என்ற இடத்தில்தான் தடுக்கும். தடுக்கிற இடத்தைத் தாண்டிப் போகாதீர்கள், அங்கேயே நில்லுங்கள். 2 சாமுவேல் 11-ல் மொத்தம் 27 வசனங்கள். தாவீது பத்சேபாளிடம் செய்தது முதல் 5 வசனங்களுக்குள் முடிந்துவிடுகிறது. அவள் கணவன் உரியாவை வரவழைத்தது, குடிக்க வைத்தது, அவனைச் சாகவிடும்படி படைத்தலைவன் யோவாபுக்கு அவன் கையிலேயே கடிதம் கொடுத்தனுப்பியது எல்லாம் மூடி மறைக்கச் செய்த வேலை. பெரும்பாலானோர் அந்த முதல் பகுதியை மட்டும் அறிக்கை செய்கிறார்கள்.

சவுல் ராஜாவும்தான் சாமுவேல் தீர்க்கதரிசியிடம் "பாவஞ்செய்தேன்" என்றான், அதுவும் இரண்டு தரம் (1 சாமுவேல் 15:24, 30). இரண்டாம் தரம் அதே மூச்சில், மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று சாமுவேலிடம் கேட்டான். என் கணிப்பில் உங்கள் சமாதானத்தைத் தின்கிறது இதுதான்: மன்னிப்பும் வேண்டும், சபையில் இருக்கிற பெயரும் கெடக் கூடாது. ஆண்டவரிடம் இந்த ஆசையையும் சேர்த்துச் சொல்லுங்கள். "பேர் போய்விடும் என்று பயமாக இருக்கிறது" என்பதும் உண்மையான ஜெபமே.

அடுத்தது பணம். லேவியராகமம் 6 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. எடுத்தது 40,000 ரூபாய் என்றால் 48,000. வரி வசூலித்த சகேயு இயேசுவிடம் நாலத்தனையாகத் தருகிறேன் என்றது அவன் மனமுவந்து சொன்னது. அதை உங்கள்மேல் சுமத்த யாருக்கும் உரிமை இல்லை. நாம் அந்த நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டவர்கள் அல்ல என்றாலும், முதலுக்குக் குறைத்துப் பேசுவது மனந்திரும்புதல் ஆகாது. மொத்தமாக முடியாவிட்டால் தவணை போடலாம், தேதியோடு.

பலர் செய்கிற ஒன்று, பெயரில்லாத கவரில் வைத்துக் காணிக்கைப் பையில் போட்டுவிடுவது. பணம் திரும்பிவிடும், பொய் வவுச்சர் அப்படியே கிடக்கும். அந்தக் காலத்தில் பணம் குறைந்ததற்கு வேறு யாரையாவது சந்தேகப்பட்டிருந்தால் அவர்மேல் விழுந்த கறையும் போகாது. அவரிடம் நீங்கள் பட்டிருக்கும் கடன் 48,000-த்தில் அடங்காது.

யாரிடம் சொல்வது? கத்தோலிக்கர் என்றால் வழி தெளிவு: ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) கனமான பாவங்களை வகையும் எண்ணிக்கையும் சொல்லி அறிக்கையிட வேண்டும், கேட்ட குரு எக்காரணத்தாலும் வெளியே சொல்லக் கூடாது (திருச்சபைச் சட்டம் 988, 983). மற்ற சபைகளில் அப்படி ஒரு இரகசியக் காப்பு விதி பொதுவாகக் கிடையாது. அதனால் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்: ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், உங்களைவிட முதிர்ந்தவர், "பரவாயில்ல, விடுங்க தம்பி" என்று தட்டிக்கொடுத்து அனுப்பாதவர். சாட்சி நேரத்தில் மைக் பிடித்துச் சொல்லாதீர்கள். வாட்ஸப் ஜெபக்குழு அறவே வேண்டாம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738-ல் சிறு குழுக்களுக்கு வகுத்த விதிகளில் வாரந்தோறும் கேட்கவேண்டிய கேள்விகள் உண்டு: போன சந்திப்புக்குப் பின் தெரிந்து செய்த பாவம் என்ன, வந்த சோதனை என்ன, எப்படி விடுபட்டீர்கள். அந்த ஒருவர் இவற்றை உங்களிடம் கேட்கட்டும்.

இதைச் சபைக் கமிட்டிக்கும் சொல்லவேண்டும், அதற்கு முன் வீட்டில் சொல்லிவிடுங்கள். மனைவி அடுத்த வீட்டுக்காரர் மூலம் கேள்விப்படக் கூடாது.

எல்லாம் முடிந்தபின்னும் அதே பாவத்துக்குத் தினமும் மன்னிப்புக் கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பார் என்கிற 1 யோவான் 1:9-ஐ வாசித்து ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள்.

கமிட்டிக்குக் கொடுக்கும் கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும்: தொகை, காலம், மறைத்த விதம், திருப்பிக் கட்டும் தேதிகள். சூழ்நிலை விளக்கம், குடும்பக் கஷ்டம் எதுவும் வேண்டாம். ஆண்டவர் மன்னித்தார் என்பதற்காகக் கமிட்டி போலீசுக்குப் போகாது என்ற உத்தரவாதம் இல்லை, ஆகவே முன்கூட்டியே ஒரு வக்கீலைப் பார்ப்பது தப்பல்ல. சபையில் பணம் புழங்குகிற பொறுப்பு இப்போதும் உங்களிடம் இருந்தால் அதே கடிதத்தில் விலகிவிடுங்கள். கட்டுகிற ஒவ்வொரு தவணைக்கும் ரசீது வாங்குங்கள்.