டாக்டருக்கு மனசாட்சி இருக்கக் கூடாதா?

கேள்வி: டாக்டர் அம்மா, என் மகள் மகப்பேறு மருத்துவத்தில் பிஜி படிக்கிறாள். கருவும் உயிர்தான் என்று சொல்லி வளர்த்த வீடு எங்களுடையது. அபார்ஷன் கேஸ் என்றால் அவளுக்குக் கை நடுங்குகிறதாம். போன வாரம் ஒரு பெண்ணிடம் "இது பாவம், யோசித்துவிட்டு வா" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். சீஃப் எல்லார் முன்னாலும் திட்டிவிட்டார். டாக்டர் என்றால் மனசாட்சியே இருக்கக் கூடாதா?
– ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: கட்டாயம் இருக்க வேண்டும் அம்மா. கை நடுங்குவதை நான் குறையாகவே நினைக்கவில்லை. ஆனால் தனக்கு மனம் ஒப்பவில்லை என்பது ஒன்று, அதை அந்தப் பெண்ணின் தலையில் பாவமாக ஏற்றி வெறுங்கையோடு அனுப்பியது வேறு. சீஃப் திட்டியது அதற்காக என்றால் நான் அவர் பக்கம்தான். எல்லார் முன்னாலும் திட்டியிருக்க வேண்டாம், அது சரி.

நானும் இதைச் செய்தவள். கடலூர் பக்கம் பிராக்டிஸ் தொடங்கிய புதிதில், மூன்று பிள்ளை பெற்ற ஒரு பெண், நாள் தள்ளி இரண்டு மாதம் என்று வந்தாள், கடலுக்குப் போகிற வீடு. எனக்குச் செய்ய மனமில்லை, அதைச் சொல்லவும் தைரியமில்லை, அதனால் "புருஷனைக் கூட்டிக்கொண்டு வா, கையெழுத்து வேண்டும்" என்றேன். அவள் வரவில்லை. மூன்று வாரம் கழித்து, யாரோ எதையோ கொடுத்து, காய்ச்சலும் உதிரப்போக்குமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உயிர் பிழைத்தாள், கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் கையெழுத்தைச் சட்டம் கேட்கவே இல்லை அம்மா, நான்தான் கேட்டேன்.

1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டப்படி 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து, குறிப்பிட்ட சில பிரிவினருக்கு 24 வாரம் வரை இரண்டு டாக்டர்களின் கருத்து. இதில் கல்யாணம் ஆகாதவர்களை ஒதுக்கக் கூடாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, டாக்டர்கள் சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளைப் போடுவதையும் கண்டித்தது. 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளில் உங்கள் கேள்விக்கே பதில் இருக்கிறது: மருத்துவக் காரணம் இருக்கும்போது மதத்தை மட்டும் சொல்லி கருக்கலைப்பையோ கருத்தடையையோ மறுக்கக் கூடாது, தனக்கு அந்தத் திறமை இல்லை என்று டாக்டர் நினைத்தால் தவிர.

அதற்காக மகளை யாரும் விலங்கு போட்டு இழுக்க வேண்டியதில்லை. இந்த வாரமே சீஃபைத் தனியாகப் பார்த்து, டூட்டி போடும் முன்பே, தன் மனநிலையைச் சொல்லட்டும். இன்னொரு டாக்டர் அந்தக் கேஸைப் பார்க்கலாம். ஆனால் நோயாளியின் முகத்துக்கு நேரே பாவம் என்று சொல்லக் கூடாது, "அடுத்த வாரம் வா" என்று இழுத்தடிக்கவும் கூடாது, ஏனென்றால் வாரம் கூடக் கூட ஆபத்தும் கூடும். "நான் செய்வதில்லை, இவர் செய்வார், இன்றைக்கே போங்கள்" என்று கூடவே போய் விட்டு வர வேண்டும். தாயின் உயிருக்கே ஆபத்து என்று நடுராத்திரியில் வந்தால் அந்தப் பேச்சுக்கும் இடமில்லை, கை நடுங்கினாலும் செய்துதான் ஆக வேண்டும், அதனால் முறையைக் கற்றுக்கொள்ளாமல் மட்டும் விட்டுவிட வேண்டாம்.

இன்னொன்றையும் மகளிடம் கேளுங்கள். நல்ல நட்சத்திரம் பார்த்துத் தேதி குறித்துக்கொண்டு சிசேரியன் கேட்டு வருவார்கள், ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று ஜாடையாகவாவது சொல்லச் சொல்வார்கள், லேபிலிருந்து கமிஷன் கவர் வரும். அங்கெல்லாம் முடியாது என்று சொன்னால் நஷ்டம் டாக்டருக்கு. போன வாரம் அவள் முடியாது என்றதில் நஷ்டம் யாருக்கு? அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள், யாரிடம் போனாள் என்று உங்கள் மகளுக்குத் தெரியுமா? ஓபி சீட்டில் போன் நம்பர் இருக்கும். முதலில் அவளைக் கூப்பிட்டு விசாரிக்கச் சொல்லுங்கள் அம்மா.