பறவைப் பட்டியலை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்

கேள்வி: நான் காரைக்குடிப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை இயற்கை நடைக்கு அழைத்துப்போகப் பன்னிரண்டு தன்னார்வலர்கள் சேர்ந்திருக்கிறோம். பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள். பறவைப் பெயர்களை மளமளவென்று சொல்வார்கள். ஆனால் முதல் நடையில் பத்தே நிமிடத்தில் பிள்ளைகள் கலைந்துவிட்டார்கள். இவர்களை எப்படிப் பழக்குவது? நேராக வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கே போய்விடலாமா?

பதில்: வேட்டங்குடி இப்போது வேண்டாம். பள்ளியிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் ஒரு ஊருணியைப் பிடியுங்கள். தன்னார்வலர்கள் அந்த ஓர் இடத்தை மட்டும் தெரிந்துகொள்ளட்டும். எந்த மரத்தடியில் எறும்புப் புற்று இருக்கிறது, எட்டு மணிக்கு நிழல் எந்தக் கரையில் விழும் என்று தெரிந்தவரிடம்தான் பிள்ளைகள் நிற்பார்கள்.

நானும் பட்டியல் ஆசாமியாகத்தான் ஆரம்பித்தேன். ஒருமுறை கண்மாய்க் கரையில் நாரைகளின் வலசையைப் பற்றி நீட்டி முழக்கிக்கொண்டிருந்தேன். முன்வரிசைப் பையன் ஒருவன் என் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னவென்று குனிந்தால், குழியானை என்கிற பூச்சி மண்ணில் பறித்த குழி. பேச்சு அங்கேயே நின்றது. அப்புறம் அரை மணி நேரம் எல்லோரும் மண்ணில் குப்புறக் கிடந்தோம்.

உங்கள் பயிற்சியையும் குழியானையிலேயே தொடங்கலாம். மழை படாத கோயில் மதிலோரம், திண்ணையோரம், பொடிமண் இருக்கிற இடத்தில் புனல் மாதிரிக் குழி தெரியும். தன்னார்வலர் எதுவும் சொல்ல வேண்டாம், கேட்டால் போதும். குழி ஏன் இந்த இடத்தில் மட்டும் இருக்கிறது? துரும்பால் ஓரத்து மண்ணைச் சரித்தால் என்ன ஆகிறது? உள்ளே இருப்பது முன்னால் நடக்கிறதா, பின்னால் நடக்கிறதா? கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். பழகுவதற்குக் கஷ்டமானது இதுதான். கல்லூரிப் பிள்ளைகள் மூன்றுக்கு மேல் தாங்க மாட்டார்கள், பாருங்கள்.

'இது வளர்ந்து தட்டான் ஆகும்' என்று அவர்களில் ஒருவர் நிச்சயம் சொல்வார். தவறு. தட்டானின் இளம்பருவம் தண்ணீருக்குள் கழிகிறது. குழியானைக்கு இறக்கை முளைத்தால் தட்டான் சாயலில் இருக்கும், ஆனால் அது வேறு பூச்சி. 'தெரியல, வா பார்ப்போம்' என்று சொல்லக் கூச்சப்படுகிறவரை இன்னும் கொஞ்ச நாள் பழக்குங்கள்.

ஊருணிக் கரையில் மடையான் கொக்கு நிற்கும். உட்கார்ந்திருக்கும்போது மண் நிறம். எழுந்து பறந்தால் வெள்ளை வெளேர். 'இரண்டும் ஒரே பறவையா?' என்று கேட்டால் பிள்ளைகளுக்குள் சண்டை வரும். வரட்டும். பெயரை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

முதல் வாரம் ஒவ்வொருவரும் போன் இல்லாமல் ஒரு மணி நேரம் கரையில் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். அடுத்த வாரம் ஒருவர் வழிகாட்டி, மற்றவர்கள் பிள்ளைகள்: ஒருவர் ஓடிப்போகட்டும், ஒருவர் தண்ணீர் கேட்கட்டும், ஒருவர் 'போரடிக்குது' என்று சிணுங்கட்டும். அதன் பிறகு உண்மையான நடையில் கடைசி ஆள் வேலை. பின்தங்குகிற பிள்ளை, அறுந்த செருப்பு, பயந்து முகம் மாறுகிற பிள்ளை எல்லாம் கடைசி ஆள் கண்ணில்தான் படும். இரண்டு மூன்று தடவை அப்படி நடந்தவரை மட்டும் முன்னால் விடுங்கள்.

பாதுகாப்பைப் பயிற்சியின் முதல் நாளே பேசிவிடுங்கள். பத்துப் பிள்ளைக்கு ஒருவராவது வேண்டும். மழைக்குப் பிறகு ஊருணிப் படியில் பாசி வழுக்கும், ஆகவே தண்ணீருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் எப்போதும் ஒரு பெரியவர் நிற்கட்டும். குடிநீர் ஊருணி என்றால் பல ஊர்களில் செருப்போடு இறங்க விடமாட்டார்கள். முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கரைமேலேயே நிறுத்திவிடுங்கள். கல்லையோ கட்டையையோ யாரும் கையால் புரட்டக் கூடாது. பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட பிள்ளையை நடக்கவிடாமல், கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பெற்றோரின் ஒப்புதல் கடிதம் கட்டாயம். எந்தத் தன்னார்வலரும் ஒரு பிள்ளையோடு தனியாக ஒதுங்கிப் போகக் கூடாது. நம்முடைய ஆட்கள்தானே என்று இதில் தளர்த்தாதீர்கள்.

காலை ஏழு மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். நம் பக்கத்து வெயிலில் அதற்கு மேல் எந்தப் பாடமும் ஏறாது.

நாலைந்து நடை ஒழுங்காக முடிந்தபின் வேட்டங்குடிக்குப் போகலாம். வனத்துறையிடம் முன்பே சொல்லிவிட்டு, வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு கண்மாயில் நீர் இருக்கும்போது போங்கள். நத்தைக்குத்தி நாரையின் அலகு நடுவில் மூடாமல் இடைவெளி விட்டிருக்கும். குஞ்சுக்கு அது இருக்காது. பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். சரணாலயமாக 1977-இல் அறிவிக்கப்பட்ட இடம் அது. பறவைகள் மிரண்டுவிடும் என்று பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரையே அழையுங்கள். உங்கள் ஆட்கள் அன்றைக்கு எல்லோரும் கடைசி ஆளாக நடந்தால் போதும்.