262ஆம் நாளில் கன்று ஈன்ற பசு: ஒரே ஊசி இதைச் செய்யுமா?

கேள்வி: எங்கள் கலப்பின ஜெர்சிப் பசுவுக்கு இது மூன்றாம் ஈற்று. சினை ஊசி போட்டு 260 நாள் ஆனபோது பின்னங்கால் வீங்கி நொண்டியது. ஊரில் ஊசி போடுபவர் 5 மில்லி போட்டார். மறுநாளே நன்றாக நடந்து தீவனம் தின்றது. இரண்டாம் நாள் இரவு கன்று ஈன்றுவிட்டது. கன்று மெலிந்திருக்கிறது. ஒரு நாளாகியும் நஞ்சுக்கொடி விழவில்லை. காலிப் புட்டியின் படத்தை அனுப்பியிருக்கிறேன். ஒரே ஊசி இப்படிச் செய்யுமா? பால் இறங்கப் போடும் ஊசியும் இதே வகையா?
– ஒரு வாசகர், குறிஞ்சிப்பாடி வட்டம், கடலூர் மாவட்டம்

பதில்: நஞ்சுக்கொடியைக் கையால் இழுக்காதீர்கள், செங்கல்லைக் கட்டித் தொங்கவிடவும் வேண்டாம். கருப்பை கிழிந்து ரத்தம் கொட்டும். காய்ச்சல் 103 டிகிரியைத் தாண்டினாலோ, நாற்றம் வந்தாலோ, தீவனத்தை மறுத்தாலோ 1962 என்ற எண்ணை அழைத்துக் கால்நடை மருத்துவரை வரவழையுங்கள். கன்றைச் சாக்கு போர்த்திச் சூடாக வைத்து, பாலைச் சிறிது சிறிதாகப் பல வேளை கொடுங்கள்.

இனி உங்கள் கேள்வி. ஆம், செய்யும். படத்தில் உள்ளது டெக்சாமெத்தசோன், மில்லிக்கு 4 மில்லிகிராம். 5 மில்லியில் 20 மில்லிகிராம் போயிருக்கிறது. நிறைசினை மாட்டை ஈன வைக்க வேண்டுமென்றே மருத்துவர்கள் போடும் அளவும் ஏறக்குறைய அதுதான்! போட்டால் பெரும்பாலும் இரண்டு, மூன்று நாளில் ஈனும். நஞ்சுக்கொடி தங்குவதும் இதில் வழக்கமாக வரும் தொல்லை.

சினையைக் கட்டிக் காப்பது புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். அதுவும் கார்டிசோலும் ஈஸ்ட்ரோஜனும் ஸ்டீராய்டு வகை ஹார்மோன்கள். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், மூலப்பொருள் கொலஸ்ட்ரால். எந்தச் சுரப்பியில் எந்த நொதி இருக்கிறதோ அதற்கேற்பக் கொலஸ்ட்ரால் உருமாறும். சினைப்பையில் உள்ள மஞ்சள் திரளில் அது புரொஜெஸ்டிரோன் ஆகிறது. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியில் கார்டிசோல் ஆகிறது. இவற்றைச் சுரப்பிகள் சேமித்து வைப்பதில்லை, தேவைப்படும்போது செய்து அனுப்புகின்றன.

எப்போது ஈனுவது என்பதைத் தீர்மானிப்பது தாய் அல்ல, வயிற்றில் உள்ள கன்று. நாள் நிறைந்ததும் கன்றின் அட்ரீனல் கார்டிசோலைக் கூட்டுகிறது. அந்தச் சேதி கிடைத்ததும் நஞ்சுக்கொடி புரொஜெஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றத் தொடங்குகிறது. புரோஸ்டாகிளாண்டின் என்ற இன்னொரு பொருள் சுரந்து மஞ்சள் திரளைக் கரைக்கிறது. கருப்பை சுருங்கத் தொடங்குகிறது. டெக்சாமெத்தசோன் கார்டிசோலின் வேலையைப் பன்மடங்கு வலுவாகச் செய்யும் ஸ்டீராய்டு மருந்து. கன்று சொல்ல வேண்டியதை ஊசி முந்திக்கொண்டு சொல்லிவிட்டது.

மறுநாள் பசு நடந்ததும் இதே மருந்தால்தான். 1948இல் அமெரிக்காவில் மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த பெண்ணுக்கு முதன்முதலாகக் கார்டிசோலின் நெருங்கிய உறவான கார்டிசோன் கொடுத்தபோது, சில நாளில் எழுந்து நடந்தார். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். அந்த மயக்கம் நம் ஊர்களில் இன்னும் தெளியவில்லை. வீக்கமும் வலியும் அடங்குமே தவிர, காலில் சீழ் இருந்தால் அது அங்கேயே இருக்கும். நோயை எதிர்க்கும் சக்தியும் சில நாள் தளர்ந்திருக்கும். குளம்பைக் கழுவி, பிளவுக்குள் ஆணி, முள், புண் இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவர் வந்ததும் ஊசி போட்ட விவரத்தை மறைக்காமல் சொல்லுங்கள். எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பால் இறங்கப் போடும் ஊசி ஆக்சிடோசின். அது ஸ்டீராய்டு அல்ல, சிறு புரதத் துண்டு. செல்லின் வெளிச்சுவரில் ஒட்டிக்கொண்டு ஓரிரு நிமிடத்தில் பாலை இறக்கிவிட்டு, விரைவில் அழிந்துவிடும். ஸ்டீராய்டு கொழுப்பில் கரைவதால் சுவரைக் கடந்து உள்ளே நுழைகிறது. அங்கு ஹார்மோனைப் பிடிப்பதற்கென்றே உள்ள ஏற்பி என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு செல்லின் உட்கருவுக்குள் போய் எந்த மரபணு வேலை செய்ய வேண்டும் என்பதை மாற்றுகிறது. புதுப் புரதங்கள் உருவாக வேண்டியிருப்பதால் பலன் தெரியச் சில மணி நேரம் ஆகும். மருந்து ரத்தத்தை விட்டுப் போன பிறகும் விளைவு நீடிக்கும். வகை வேறு என்பதற்காக ஆக்சிடோசினைத் தினமும் போடலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பழகிவிட்ட மாடு ஊசி இல்லாமல் பாலை அடக்கிக்கொள்ளும்.

அடுத்த சினைக்கு அவசரப்பட வேண்டாம். 60 நாள் கழித்துக் கருப்பையைப் பரிசோதித்து, பருவத்தில் வழியும் கோழை கண்ணாடிபோல் தெளிவாக இருந்தால் சினை ஊசி போடுங்கள்.