பிஎச்.டி. தலைப்பு பிடிக்கவில்லை, சேரலாமா?

கேள்வி: பொறியியலில் முதுநிலை முடித்திருக்கிறேன், பிஎச்.டி.க்கு இடமும் கிடைத்துவிட்டது. ஆனால் கைடு சொல்லும் தலைப்பு மனசுக்கு ஒட்டவில்லை. ஆயுசு முழுக்க இதிலேயே மாட்டிக்கொள்வேனோ என்று பயம். சேரலாமா?

பதில்: என்னிடம் வரும் மாணவர்களில் பாதிப் பேருக்கு இந்தப் பயம் உண்டு. அமெரிக்க அறிவியலாளர் வில்லார்ட் கிப்ஸ் 1863-இல் யேல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முனைவர் பட்டம் வாங்கியது பற்சக்கரத்தின் பல் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்ற ஆய்வுக்கு. இன்று நாம் அவரைப் படிப்பதோ வெப்ப இயக்கவியலில், அதாவது வெப்பமும் ஆற்றலும் பற்றிய துறையில். அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானனைப் பாருங்கள். 1937-இல் முதுநிலைக்காக ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) சுற்றுகளை, உண்மை, பொய் என்ற இரண்டே மதிப்புகளை வைத்துக் கணக்கிடும் பூலியன் இயற்கணிதத்தில் எழுதிக் காட்டினார், 1940-இல் எம்.ஐ.டி.யில் கொடுத்த பிஎச்.டி. தீசிஸில் மரபியலுக்கு ஓர் இயற்கணிதம் செய்தார், அதை அப்போது கட்டுரையாகக்கூட வெளியிடவில்லை, 1948-இல் தகவலை அளக்கவும் அனுப்பவும் உதவும் கணிதமான தகவல் கோட்பாட்டோடு வந்துவிட்டார். தலைப்பு மாறிக்கொண்டே போனது, சிக்கலான ஒன்றைக் கணிதமாக்கிப் பார்க்கும் பழக்கம் மட்டும் கூடவே இருந்தது. நீங்கள் பார்க்க வேண்டியது அதைத்தான்: அந்தத் தலைப்பில் தினமும் செய்யப்போகும் வேலை, அதாவது சோதனையோ சிமுலேஷனோ கணக்கோ, உங்களுக்குப் பிடிக்குமா? அதுவே பிடிக்காது என்றால் சேராதீர்கள்.

அப்புறம், கைடு இல்லாத நேரமாகப் பார்த்து அந்த ஆய்வகத்து மாணவர்களிடம் பேசுங்கள். எழுதிக் கொடுத்த வரைவு எத்தனை நாளில் திரும்பி வருகிறது, பாதியில் விட்டுப் போனவர்கள் ஏன் போனார்கள், உதவித்தொகை எந்தப் பிராஜெக்ட்டிலிருந்து வருகிறது, அந்தப் பிராஜெக்ட் முடிந்தால் என்ன ஆகும் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். தலைப்பைப் பாதியில் கொஞ்சம் திருப்பிக்கொள்ளலாம், நடத்தை சரியில்லாத கைடிடம் மாட்டிக்கொண்டால் வெளியே வருவது ரொம்பக் கஷ்டம்.

கேள்வி: எத்தனை கட்டுரை வெளியிட்டால் பட்டம் கிடைக்கும்?

பதில்: பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் விதி வேறு. சேரும் முன் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கேள்வி: இரண்டு வருஷமாகியும் என் சிமுலேஷனும் சோதனையும் பொருந்தவே இல்லை. விட்டுவிடலாமா?

பதில்: விடை ஏற்கெனவே தெரிந்த எளிய கணக்கு ஒன்றை உங்கள் புரோகிராமில் போட்டுப் பார்த்தீர்களா? மெஷ்ஷை, அதாவது கணக்குக்காகப் பொருளைப் பிரித்திருக்கும் சிறு கட்டங்களை, இன்னும் நுணுக்கமாக்கினால் விடை மாறுகிறதா? சென்சாரைக் கடைசியாக அளவுதிருத்தம் செய்தது எப்போது? எல்லை நிபந்தனைகள், அதாவது பொருளின் ஓரங்களில் இப்படித்தான் இருக்கும் என்று சிமுலேஷனில் நீங்கள் வைத்துக்கொண்டவை, சோதனையில் நிஜமாகவே அப்படித்தான் இருக்கின்றனவா? இதையெல்லாம் பார்த்து, ஏன் பொருந்தவில்லை என்பதை உங்களால் ஒரு பக்கத்தில் எழுத முடிந்தால் தீசிஸில் ஓர் அத்தியாயத்துக்கு அதுவே விஷயம். முடியவில்லையென்றால், விடுவதைப் பற்றி யோசிக்கும் முன், ஆய்வுக் குழுவில் இருக்கும் வேறொரு பேராசிரியரிடம் திருத்தாத டேட்டாவோடு போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.