மாரியோ கேமில் மகளின் காலேஜ் பணத்தைப் போடலாமா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். என் கணவருக்குப் பழைய நின்டெண்டோ கேம் என்றால் உயிர். பத்து வருடமாகக் கராஜ் சேல்களில் அலைந்து 180 கேட்ரிட்ஜ் சேர்த்திருக்கிறார். எல்லாம் பேஸ்மென்டில் கிடக்கின்றன. இப்போது மகளின் காலேஜுக்கு வைத்திருக்கும் 15,000 டாலரில், சீல் பிரிக்காத ஒரே ஒரு கேமை வாங்க வேண்டும் என்கிறார். "ஒரு மாரியோ 15 லட்சம் டாலருக்குப் போயிருக்கிறது, தெரியுமா?" என்று கேட்கிறார். மகளுக்கு வயது 14. நான் என்ன சொல்வது?

பதில்: அவர் சொல்வது உண்மைதான். 2021 ஜூலையில், டல்லாஸில் இருக்கும் ஹெரிடேஜ் ஏல நிறுவனம் 'சூப்பர் மாரியோ 64' ஒன்றை 15.6 லட்சம் டாலருக்கு விற்றது. அதற்கு இரண்டு நாள் முன்பு 'லெஜன்ட் ஆஃப் செல்டா' 8.7 லட்சத்துக்குப் போனது. அதே வருடம் ஏப்ரலில் ஒரு 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' 6.6 லட்சம். 1986ல் கிறிஸ்துமஸ் பரிசுக்கென்று வாங்கி, மேசை டிராயரில் போட்டு, அப்படியே மறந்துபோன பிரதி அது. அந்த வீட்டுக்காரர் அதற்காகக் காலேஜ் பணத்தில் கை வைக்கவில்லை என்பதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த 15.6 லட்சத்தையே கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஏலம் முடிந்தது 13 லட்சத்தில். அதன் மேல் வாங்குபவர் தரும் 20 சதவீதக் கமிஷன் சேர்ந்துதான் 15.6. உங்கள் கணக்குக்கு வந்தால், அதே 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஏலத்தில் நீங்கள் கொடுக்கும் 15,000 டாலரில் பொருளின் விலை 12,500தான். மறுநாளே அதே விலைக்கு ஏலம் போனாலும் 2,500 டாலர் காணாமல் போயிருக்கும். விற்பவரிடம் பிடிக்கும் கமிஷன் தனி. தங்கக் காசு என்றால் அவசரத்துக்கு எந்தக் கடையிலும் அன்றைய விலையை ஒட்டி வாங்கிக்கொள்வார்கள். இதற்கு ஏலத் தேதி வரும்வரை காத்திருக்க வேண்டும். அன்றைக்கு ஆசைப்படும் ஆள் இரண்டு பேராவது வர வேண்டும்.

இன்னொன்று. 'மாரியோ 64' அரிய கேமே இல்லை. உலகம் முழுக்க ஒரு கோடிக்கும் மேல் விற்றது. வெறும் கேட்ரிட்ஜ் இன்றைக்கும் ஐம்பது டாலருக்குள் கிடைக்கும். லட்சக்கணக்கில் கொடுத்தது மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாளுக்கும், கேம்களின் நிலையைப் பார்த்துத் தரம் போடும் வாட்டா என்ற நிறுவனம் பத்துக்குக் கொடுத்த 9.8 மதிப்பெண்ணுக்கும்தான். அந்த மதிப்பெண்ணில் ஒரு புள்ளி குறைந்தால் விலை பாதாளத்துக்குப் போகும். விலையைச் செயற்கையாக ஏற்றியதாக 2022ல் அந்த நிறுவனத்தின் மீதே கலிபோர்னியாவில் வழக்கு வந்தது. குற்றச்சாட்டுதான், ஆனால் 2021ன் உச்சத்துக்குப் பிறகு சீல் பிரிக்காத கேம்களின் விலை பொதுவாக இறங்கியதும் உண்மை. நாலு வருடத்தில் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய பணம் இதில் இருக்கக் கூடாது. அது படிப்புச் செலவுக்கென்றே இருக்கும் 529 சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். படிப்புக்கு எடுத்தால் அதன் லாபத்துக்கு ஃபெடரல் வரியும் கிடையாது.

சரி, என் ஆர்வமெல்லாம் உங்கள் பேஸ்மென்டில் இருக்கிறது. கராஜ் சேலில் ஒன்றிரண்டு டாலருக்கு வாங்கிய குவியலில்தான் நல்ல சரக்கு ஒளிந்திருக்கும். 'எர்த்பவுண்ட்' இருக்கிறதா என்று பாருங்கள். 1995ல் அமெரிக்காவில் சரியாகப் போகாத கேம். இன்று தனி கேட்ரிட்ஜே சில நூறு டாலர். அதன் பெரிய பெட்டியும் வழிகாட்டிப் புத்தகமும் சேர்ந்திருந்தால் ஆயிரத்தைத் தாண்டும். 1987ல் வந்த 'ஸ்டேடியம் ஈவென்ட்ஸ்' கிடைத்தால் எனக்கே போன் போடுங்கள். அது காலால் மிதித்து விளையாடும் ஒரு மேட்டோடு சேர்ந்த கேம். அந்த மேட்டின் உரிமையை நின்டெண்டோ வாங்கியதும் பழைய பெயரில் வந்த பிரதிகளைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். தப்பியவை மிகக் கொஞ்சம். 1990 நின்டெண்டோ உலகப் போட்டியின் கேமை, ஒரு பத்திரிகைப் போட்டிப் பரிசுக்கென்று தங்க நிறத்தில் செய்த கேட்ரிட்ஜ் மொத்தமே 26. அதை எதிர்பார்த்துப் பேஸ்மென்டைத் தோண்ட வேண்டாம்.

காலிப் பெட்டி, கையேடு எதையும் ரீசைக்கிளில் போட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்து நின்டெண்டோ பெட்டிகள் அட்டையில் வந்தவை. பிள்ளைகள் வாங்கிய அன்றே கிழித்துப் போட்டார்கள். கேட்ரிட்ஜ் மட்டும் பிழைத்தது. அதனால்தான் சில கேம்களுக்கு உள்ளே இருப்பதைவிடப் பெட்டிக்கு விலை அதிகம். பேஸ்மென்ட் ஈரம் அட்டைக்கு எமன். முதலில் எல்லாவற்றையும் மேல் மாடி அறைக்கு ஏற்றுங்கள். கூரைக்கு அடியில் இருக்கும் பரண் வேண்டாம், ஜூலை வெயிலில் வெந்துவிடும்.

விலை பார்க்கும்போது ஈபேயில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். யார் வேண்டுமானாலும் ஆயிரம் டாலர் என்று போடலாம். விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி அங்கே இருக்கிறது, அதைத் தட்டுங்கள். லாபத்துக்கு வரி உண்டு. சேகரிப்புப் பொருள் என்று எடுத்துக்கொண்டால் 28 சதவீதம் வரை போகலாம். சொந்த உபயோகப் பொருள் நஷ்டத்துக்குப் போனால் கழித்துக்கொள்ளவும் முடியாது. கராஜ் சேலில் ரசீது ஏது? என்றைக்கு, எவ்வளவுக்கு வாங்கினார் என்று நினைவிருப்பதை இப்போதே எழுதச் சொல்லுங்கள். வீட்டு இன்ஷூரன்ஸ் இதையெல்லாம் முழுதாக ஈடுகட்டுகிறதா என்றும் ஏஜென்டிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கணவரின் ஆசையை ஒரேயடியாக அணைக்கச் சொல்லவில்லை. 180ல் இரட்டைப் பிரதிகள் நிச்சயம் இருக்கும். அவற்றை விற்கட்டும், வரும் பணத்தில் அவர் விரும்பியதை வாங்கட்டும். வீட்டுப் பணம் ஒரு டாலர்கூட அதில் சேரக் கூடாது என்பது மட்டும் ஒப்பந்தம்.

விற்கும் முன் ஒரு வேலை பாக்கி. விலையுள்ள கேம்களுக்குப் போலிகள் ஏராளம், முக்கியமாக 'எர்த்பவுண்ட்'டுக்கு. கேட்ரிட்ஜின் திருகாணியைக் கழற்ற 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் என்று தனி ஸ்குரூடிரைவர் விற்கிறது, சில டாலர்தான். திறந்தால் உள்ளே பச்சைப் பலகையில் நின்டெண்டோ பெயர் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். சனிக்கிழமை கராஜ் சேலுக்குக் கிளம்பும் முன் அவர் கையில் அந்த ஸ்குரூடிரைவரைக் கொடுத்து உட்கார வையுங்கள்.