அண்ணன் சம்மதிக்காவிட்டால் பழைய வீட்டின் ஒயரிங்கை மாற்றக் கூடாதா?

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கும் எங்கள் வீடு 1971-ல் அப்பா கட்டியது. தறி ஓட்டிச் சம்பாதித்த காசில் மனை வாங்கிக் கட்டினார். உயில் எழுதாமல் ஆறு வருடத்துக்கு முன் இறந்துவிட்டார். நான் என் மனைவி, பிள்ளைகள், 74 வயது அம்மாவுடன் இங்கே இருக்கிறேன். அண்ணன் ஓசூரில், தங்கை ஆம்பூரில். ஒயர் எல்லாம் அந்தக் காலத்து மர ரீப்பர் மேல்தான் ஓடுகிறது, எர்த் கிடையாது. போன மாதம் வாஷிங் மெஷினைத் தொட்ட அம்மா ஷாக் அடித்துக் கீழே விழுந்துவிட்டார். மொத்தமாக மாற்ற ஒன்றே முக்கால் லட்சம் ஆகும் என்கிறார் எலெக்ட்ரீஷியன். அண்ணனோ, "பாகம் பிரிக்காமல் சுவரில் ஆணி கூட அடிக்கக் கூடாது, மீறினால் கோர்ட்டுக்குப் போவேன்" என்கிறார். கரண்ட் பில் இன்னும் அப்பா பெயரில்தான் வருகிறது. வெயில் தாங்காமல் அம்மா அறைக்கு ஏ.சி. வாங்கி, பக்கத்தில் உள்ள சித்தப்பா வீட்டிலிருந்து லைன் இழுத்திருக்கிறேன். வீட்டில் பாதி என்னுடையதுதானே, நான் வேலையைத் தொடங்கலாமா?

பதில்: தொடங்கலாம். ஆனால் அதற்கு முன் இன்றைக்கே செய்ய வேண்டியவை இரண்டு. வாஷிங் மெஷின் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். எர்த் இல்லாத வீட்டில் ஈரக் கையோடு தொடும் இரும்புப் பெட்டி அது. ஒருமுறை அடித்த ஷாக்கில் அம்மா தப்பிவிட்டார் என்பதால் அடுத்த முறையும் தப்புவார் என்று நம்ப முடியாது. அடுத்தது, சித்தப்பா வீட்டு லைன். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், புரிகிறது. ஆனால் ஒரு வீட்டுக்குக் கொடுத்த மின்சாரத்தை வேறொரு வீட்டில் பயன்படுத்துவது, 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் பிரிவு 126-ன்படி அனுமதியற்ற பயன்பாடு. பிடிபட்டால் இரண்டு மடங்கு கட்டணம் போடுவார்கள். எப்போதிலிருந்து நடக்கிறது என்று தெரியாவிட்டால் பின்னோக்கி 12 மாதத்துக்குக் கணக்குப் போடலாம். அந்தச் சுமை சித்தப்பா தலையில் விழும். லைனைக் கழற்றிவிடுங்கள்.

அடுத்து, பங்கு விஷயம். பாதி உங்களுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. நீங்கள் இந்துக் குடும்பம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் இறந்த சொத்து, 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பிரிவு 8-ன்படி மனைவிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம பங்காகப் போகும். அம்மா, அண்ணன், நீங்கள், தங்கை ஆகிய நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. அப்பா இறந்தபோது அவரைப் பெற்ற உங்கள் பாட்டி உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. பெண்ணுக்குக் கல்யாணச் சீர் செய்தாயிற்று, அதனால் பங்கு இல்லை என்ற பேச்சு நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. சட்டத்தில் அதற்கு இடமில்லை.

பாதி கால் ஆனதில் வருத்தப்பட வேண்டாம். இதில்தான் உங்களுக்கு வழியே இருக்கிறது. இதுவரை இதை அண்ணன், தம்பி சண்டையாக மட்டுமே பார்த்திருக்கிறீர்கள். உண்மையில் அந்த வீட்டில் ஷாக் வாங்கியவரே ஒரு பங்குதாரர்தான். அம்மாவும் தங்கையும் சம்மதித்தால் முக்கால் பங்கு ஒரு பக்கம் வந்துவிடுகிறது.

பாகம் பிரியாத சொத்தில் ஒவ்வொரு பங்குதாரருக்கும் முழு வீட்டையும் அனுபவிக்கும் உரிமை உண்டு. மற்றவர்களுக்குக் கெடுதல் வராமல், வீட்டைக் காப்பாற்றும் பழுதுவேலைகளைச் செய்ய அவர்கள் அனுமதி வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. சுவரை இடித்துப் புது அறை கட்டுவது வேறு விஷயம், அதற்கு மற்றவர்கள் தடை கேட்கலாம். உயிருக்கு ஆபத்தான ஒயரை மாற்றுவதைத் தடுக்கப் பொதுவாக எந்த நீதிமன்றமும் உத்தரவு போடாது. ஆனாலும் அண்ணன் கோர்ட்டுக்குப் போவேன் என்று சொல்லியிருப்பதால், குடியாத்தம் நீதிமன்றத்தில் ஒரு கேவியட் மனு போட்டு வையுங்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 148-ஏ அதற்கு வழி செய்கிறது. உங்களைக் கேட்காமல் இடைக்காலத் தடை வாங்க முடியாது. 90 நாள் செல்லும், அதற்குள் வேலையை முடித்துவிடலாம்.

அண்ணன் ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறார் என்பதையும் யோசியுங்கள். ஒயரிங்குக்குச் செலவு செய்தேன், கரண்ட் பில்லும் என் பெயரில் இருக்கிறது, வீடு எனக்கே என்று தம்பி நாளைக்குச் சொல்லிவிடுவானோ என்ற பயம்தான் அது. பாகப்பிரிவினை வழக்குகளில் எனக்கு இது பழகிப்போன பயம். கரண்ட் பில்லில் பெயர் இருப்பது சொத்துரிமைக்கு ஆதாரம் ஆகாது. ஒரு பங்குதாரர் குடியிருப்பது எல்லாப் பங்குதாரர்களுக்காகவும் குடியிருப்பதாகத்தான் சட்டம் பார்க்கிறது. ஆனால் இதை வாய்ப்பேச்சாகச் சொன்னால் அவர் நம்ப மாட்டார், எழுதிக் கொடுங்கள்.

ஸ்பீடு போஸ்ட்டில், பதிவு வசதியோடும் ஒப்புகையோடும் ஒரு கடிதம் போதும். நீளமாக வேண்டாம். "வீட்டின் மின் ஒயரிங் ஆபத்தான நிலையில் இருப்பதால் அம்மாவின் பாதுகாப்புக்காக மாற்றுகிறேன். இந்தச் செலவினால் வீட்டில் யாருடைய பங்கும் கூடாது, குறையாது. மின் இணைப்பில் யார் பெயர் இருந்தாலும் அதை வைத்து உரிமை கோர மாட்டேன். மதிப்பீடு இத்துடன் இருக்கிறது. உங்கள் கருத்தை 15 நாளில் தெரிவியுங்கள்." இதில் புதிதாக எந்த உரிமையும் உண்டாகவில்லை என்பதால் பத்திரப் பதிவு தேவையில்லை. அம்மாவும் தங்கையும் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது.

செலவைத் திரும்பப் பெற முடியுமா என்று நீங்கள் கேட்கவில்லை, நாளைக்குக் கேட்பீர்கள். அவசியமான பழுதுச் செலவில் மற்றவர்கள் பங்கைப் பாகப்பிரிவினையின்போது கணக்கில் கேட்கலாம். வசதிக்காகச் செய்த மேம்பாட்டுக்குப் பணமாகக் கேட்பது கடினம். முடிந்தால் அந்தப் பகுதியை உங்கள் பாகத்தில் ஒதுக்க நீதிமன்றம் பார்க்கும், அவ்வளவுதான். அதனால் பில்களைத் தனித்தனியாக வாங்குங்கள். மெயின் போர்டு, எர்த் குழி, ஒயர் மாற்றுவது எல்லாம் ஒரு பில்லில் இருக்கட்டும். ஏ.சி. பாயின்ட், அலங்கார விளக்கு வேறு பில்லில். பழைய ஒயரைப் பிரிப்பதற்கு முன் அறை அறையாகப் போட்டோ எடுத்து வையுங்கள்.

வேலையை யார் செய்கிறார் என்பது ரொம்ப முக்கியம். பல்பு, ஃபேன், சுவிட்ச் மாற்றுவது போன்ற சின்ன வேலை தவிர மற்ற ஒயரிங் வேலைகளை அரசு உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள் சொல்கின்றன. உங்கள் எலெக்ட்ரீஷியன் கெட்டிக்காரராகவே இருக்கலாம், உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், உரிமம் உள்ளவரின் மேற்பார்வையில் அவர் வேலை செய்யட்டும். தொடங்கும் முன் பழைய ஒயரை மெக்கர் (ஒயரின் இன்சுலேஷனை அளக்கும் கருவி) வைத்துச் சோதித்து, அளவை எழுத்தில் வாங்குங்கள். 500 வோல்ட் கொடுத்துப் பார்க்கும்போது குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும். அதற்குக் கீழே காட்டினால், "ஆபத்தான ஒயரிங்" என்று நீங்கள் சொல்வதற்கு அந்த ஒரு தாள்தான் சாட்சி. அண்ணன் வழக்குப் போட்டாலும் முதலில் அதைத்தான் காட்டுவோம். வேலை முடிந்ததும் எர்த்தின் அளவோடு சோதனை அறிக்கை வாங்குங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்ததும் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் மெயின் போர்டை மூட விடாதீர்கள். செலவைக் குறைக்கிறேன் என்று யார் சொன்னாலும் அதிலும் எர்த் குழியிலும் மட்டும் கை வைக்க வேண்டாம்.

இனி ஈ.பி. ஆபீஸ். இணைப்பை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டாம், அம்மா பெயருக்கு மாற்றுங்கள். அண்ணனுடைய பயத்துக்கும் அதுவே பதில், அம்மா பெயரில் மாற்றுவதை எதிர்க்க அவருக்கும் மனம் வராது. அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் அலுவலக வாரிசுச் சான்றிதழ், சொத்துவரி ரசீது வேண்டும். மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். அண்ணன் தராவிட்டால் ஈட்டுறுதிப் பத்திரம் (பின்னால் நஷ்டம் வந்தால் நாங்களே பொறுப்பு என்ற உறுதி) எழுதிக் கொடுக்கிறோம் என்று சொல்லுங்கள். ஏ.சி.க்குக் கூடுதல் மின்பளு கேட்கும் மனுவையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.

"அண்ணன் கையெழுத்து இல்லாமல் முடியாது" என்று திருப்பி அனுப்பினால், வாதாடாமல் அதை எழுத்தில் கேளுங்கள். மின்சாரச் சட்டம் பிரிவு 43 உரிமையாளருக்கு மட்டுமல்ல, குடியிருப்பவருக்கும் மின்சாரம் கேட்கும் உரிமையைத் தருகிறது. உரிமையாளர் சம்மதம் தராதபோது, சட்டப்படி குடியிருக்கிறார் என்ற சான்றும் ஈட்டுறுதிப் பத்திரமும் இரண்டு மடங்கு காப்புத்தொகையும் வாங்கிக்கொண்டு இணைப்புத் தரத் தமிழ்நாடு மின் பகிர்மான விதித்தொகுப்பிலேயே வழி இருக்கிறது. வீட்டுக்காரர் தடையில்லாச் சான்று தரவில்லை என்பதற்காக வாடகைதாரருக்கு மின்சாரத்தை மறுக்கக் கூடாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. வாடகைதாரருக்கே அப்படியென்றால், கால் பங்கு உரிமையாளரான உங்கள் அம்மாவுக்கு எப்படி மறுக்க முடியும்? நகராட்சிப் பகுதியில் முழுமையான மனு கொடுத்த 7 நாளுக்குள் இணைப்பையோ மாற்றத்தையோ செய்து தர வேண்டும் என்பது 2024-ல் திருத்தப்பட்ட நுகர்வோர் உரிமை விதி. இழுத்தடித்தால் வேலூர் வட்டத்தின் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கும், அதற்கு மேல் சென்னையில் உள்ள மின் குறைதீர்ப்பாளருக்கும் போகலாம். இரண்டுக்கும் வக்கீல் தேவையில்லை.

அண்ணன் எதற்கும் அசையவில்லை என்றால், சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அம்மா ஒரு மனு கொடுக்கட்டும். பெண் என்பதால் வருமானம் பார்க்காமல் அவருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. வழக்குப் போடாமலே அண்ணனை அழைத்து உட்கார வைத்துப் பேசுவார்கள். அவர்கள் நடத்தும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) சமரசம் ஆனால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. அங்கேயே பாகப்பிரிவினையையும் பேசி முடித்துக்கொள்ளலாம்.

மெக்கர் சோதனையை இந்த வாரமே செய்துவிடுங்கள், அந்தத் தாளின் நகலோடுதான் அண்ணனுக்குக் கடிதம் போக வேண்டும். அதே நாளில் தங்கைக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.