மாங்குளம் சந்தி: ஒரு கடிதம்

ஐயா, என் அம்மப்பா மாங்குளத்துக்காரர். நான் கொழும்பில், வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவன். யாழ்ப்பாணம் போகும்போது ஒருமுறை எட்டிப் பார்த்தேன். ஒரு சந்தி, சில கடைகள், வேறொன்றுமில்லை. பெயர் மாமரத்தால் வந்ததா, மானால் வந்ததா? வரலாற்றுப் புத்தகம் ஏதும் உண்டா?
– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

மாமரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்துப் புளியங்குளத்துக்குத் துணையாக இருக்கட்டும். எனக்கு அந்தப் பெயரின் பின்பாதிதான் முக்கியம்.

வவுனியா தாண்டியதும் புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று வரிசையாகக் குளங்கள். குளம், அதன் கீழே வயல், பின்னால் காடு. யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே கிடக்கும் இந்த வன்னியில் ஊர் என்றால் அதுதான். கண்டி வீதியும் 1905இல் யாழ்ப்பாணம்வரை முழுதாக ஓடத் தொடங்கிய ரயிலும் பிறகு வந்து சேர்ந்தவை. கிழக்கே ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு. மேற்கே துணுக்காய், மல்லாவி. இரண்டு பக்கத்துச் சனமும் ரயிலுக்கு இங்கேதான் வரவேண்டும். சந்தி அப்படி வளர்ந்தது.

இதைப் போய் 'வேறொன்றுமில்லை' என்கிறீர்கள்! வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறி, போர்வையை இழுத்து மூடி, விடிய யாழ்ப்பாணத்தில் கண் விழிக்கிற பிள்ளைகளுக்கு இடையில் கிடப்பதெல்லாம் இருட்டுத்தான். சரி, எங்கள் ஆட்கள் மட்டும் என்ன திறமா? முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, கச்சானும் (வேர்க்கடலைதான்) வாங்குவார்கள். மாங்குளத்தில் ஒருவரும் கால் வைப்பதில்லை.

என் அப்பா வைத்தார். இளவயதில் அங்கே கொஞ்சக் காலம் வேலை பார்த்தவர். 2002இல் போர்நிறுத்தம் வந்து கண்டி வீதி திறந்ததும் வான் வண்டியில் கூட்டிப் போனேன். சந்தியில் இறங்கி, தான் தேத்தண்ணி குடித்த கடையைத் தேடினார். 1990இல் இராணுவ முகாம் புலிகளிடம் விழுந்த சண்டை, 1998இல் இன்னொன்று, அடுத்த வருடம் மற்றொன்று. சுவரே மிஞ்சாத இடத்தில் கடை எங்கே? தண்டவாளமும் இல்லை. றோட்டை விட்டு இறங்கினால் மிதிவெடிப் பலகை. அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம் சைக்கிள் உருட்டி வந்த ஒரு பெண்ணிடம், "பிள்ளை, குளக்கட்டு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அவள் கை காட்டினாள். அந்தத் திசையைப் பார்த்துத் திரும்பி நின்று, விரலை நீட்டி, "அப்ப கடை இங்கைதான்" என்றார். அங்கே எருக்கலைதான் நின்றது.

புத்தகம் கேட்டீர்கள். முதலில் அம்மாவிடம் கேளுங்கள், அம்மப்பாவின் வயல் எந்தக் குளத்துக்குக் கீழே இருந்தது என்று. கேட்டுவிட்டு எழுதுங்கள். இப்போது ரயிலும் திரும்ப ஓடுகிறது. பகல் ரயிலாகப் பார்த்து ஏறுங்கள்.